உறுதிமொழி எடுத்த நான்காம் நாள்

எங்கள் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. மறுநாள் கல்லூரி கிடையாது என்பதால் தேசிய வாக்காளர் நாள் உறுதிமொழியை ஒரு நாள் முன்னதாகவே எடுக்கவைத்தீர்கள். மைதானத்தில் துறைவாரியாக வெயிலில் நின்றோம், வலது கையை நீட்டினோம், மைக்கில் வந்ததைத் திருப்பிச் சொன்னோம். அதில் "அச்சமின்றி" என்று ஒரு சொல் வந்தது. முடிந்ததும் நீங்கள் பத்து நிமிடம் பேசினீர்கள். இந்தத் தலைமுறைக்கு நாட்டைப் பற்றிக் கவலை இல்லை, பேப்பர் படிப்பதில்லை, ஓட்டுப் போடுவதில்லை, எந்நேரமும் ரீல்ஸ்தான் என்று வருத்தப்பட்டீர்கள். நாங்கள் கைதட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. அதே மைதானத்தை ஒட்டிய பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. கல்லூரியைப் பற்றியோ விடுதியைப் பற்றியோ சமூக ஊடகத்தில் எதுவும் பதிவிடக் கூடாது, அரசியல் சார்ந்த எதிலும் ஈடுபடக் கூடாது, மீறினால் இடைநீக்கம்.

அந்தச் சுற்றறிக்கை வரக் காரணமான வீடியோவை எடுத்தவள் நான். பி.காம். சி.ஏ. இரண்டாம் ஆண்டு, பெண்கள் விடுதி.

விடுதியின் ஆர்.ஓ. மெஷின் டிசம்பர் முதல் வாரத்தில் நின்றுபோனது. 180 பேருக்கு அது ஒன்றுதான். போர்வெல் தண்ணீரை டம்ளரில் பிடித்து ஓர் இரவு வைத்தால் அடியில் சுண்ணாம்பு போலப் படியும். அறைக்கு அறை காசு போட்டு கேன் வாங்கினோம். காசு போட முடியாதவர்கள் மெஸ்ஸில் காய்ச்சிய தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். விடுதி வாசலில் சணலில் பேனா கட்டிய புகார் நோட்டு ஒன்று இருக்கிறதல்லவா, அதில் டிசம்பர் 12, டிசம்பர் 19, ஜனவரி 3 என்று மூன்று முறை எழுதினோம். மூன்றாவது முறை எழுதும்போது பார்த்தேன், முதல் இரண்டின் கீழே ஒருவருடைய இன்ஷியல்கூட இல்லை. யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததற்கான அடையாளமே இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தோம். மெஷினில் அதே சிவப்பு விளக்கு. ஜனவரி 21 இரவு அந்த விளக்கையும், நோட்டில் இருந்த மூன்று பதிவுகளையும், டம்ளர் அடியில் இருந்த வெள்ளைப் படிவையும் சேர்த்து 40 வினாடிக்கு ஒரு வீடியோ எடுத்து எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். காலைக்குள் 11,000 பேர் பார்த்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் வந்தார். ஃபில்டர் மாற்ற இருபது நிமிடம் ஆனது.

ஐயா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நோட்டில் எழுதினால் ஆறு வாரம், வீடியோ போட்டால் பதினைந்து மணி நேரம். எந்நேரமும் ரீல்ஸ்தான் என்று கடிந்துகொள்கிறீர்கள். நோட்டு வேலை செய்யாது, ரீல்ஸ்தான் வேலை செய்யும் என்ற பாடத்தை நாங்கள் உங்கள் விடுதி வாசலில்தான் படித்தோம்.

27-ஆம் தேதி திங்கட்கிழமை அப்பாவை வரச் சொன்னீர்கள். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தார். உங்கள் அறையில் காலியாக நான்கு நாற்காலிகள் இருந்தன. அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கல்லூரியின் பெயர் கெட்டுவிட்டது, தரம் மதிப்பிட நாக் குழு வரும் நேரம், பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்றெல்லாம் சொன்னீர்கள். "தப்புத்தானுங்க சார், இனிமே செய்ய மாட்டாளுங்க" என்றார். அலுவலகத்தில் டைப் செய்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்துப் போட எப்போதும் நேரமாகும், ஒவ்வொரு எழுத்தாக எழுதுவார்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டார்: "ஏங் கண்ணு, இப்பத் தண்ணி வருதா?"

"வருதுப்பா."

"அப்பறம் நான் என்னத்துக்குத் தப்புன்னு எழுதிக் குடுத்தேன்?"

எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடியோ போடுவதற்கு முதல் நாள் ஒரு மனு எழுதினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு நேரில் வந்து உங்களிடம் கொடுப்பதாகத் திட்டம். விடுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நீல டிக் விழுந்துகொண்டே இருந்தது, பதில் வரவில்லை. அறை அறையாகப் போனேன். 180 பேரில் கையெழுத்துப் போட்டவர்கள் 9 பேர், என்னையும் சேர்த்து. மறுநாள் போட்ட வீடியோவுக்கு 1,140 லைக். லைக் போட்டவர்களில் பாதிக்கு மேல் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள்தான்.

இந்த 9-க்கும் 1,140-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன். அக்கறையின்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நீங்கள் அப்படித்தான் முடிக்கிறீர்கள். ஆனால் அறை அறையாகப் போனபோது கையெழுத்துப் போடாதவர்கள் சொன்ன காரணங்கள் எனக்குத் தெரியும். ஒருத்திக்கு ஸ்காலர்ஷிப் ஃபார்மில் உங்கள் முத்திரை வேண்டும். ஒருத்திக்கு டி.சி.யில் "நன்னடத்தை" என்று வர வேண்டும். இன்னொருத்தியின் அண்ணன் ஏற்கெனவே படிப்பை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறான், ஒரு போன் போனால் போதும் அவனுக்கு. தண்ணீர் வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. லைக் போட்டால் யார் என்று யாரும் தேட மாட்டார்கள், கையெழுத்துக்குப் பெயரும் ரோல் நம்பரும் உண்டு. பயத்தை நீங்கள் அக்கறையின்மை என்று படித்துவிட்டீர்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் உங்கள் மேல் போடவும் மாட்டேன். அந்த வீடியோவின் கீழே வந்த கமெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். நான் ஒருவரையும் பெயர் சொல்லவில்லை. ஆனாலும் யாரோ வார்டன் அக்காவின் பெயரைப் போட்டு, சாதியை இழுத்து, வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்து அழித்தேன். அழிக்க அழிக்க வந்தது. அந்த அக்கா மெஷினைப் பற்றி அலுவலகத்துக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முன்பே அவரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பை யாரும் டைப் செய்து தரவில்லை. நான் கேட்க வேண்டியது, கேட்டேன்.

செல்போன் என்ன செய்யும் என்று எங்கள் ஊருக்கு நன்றாகவே தெரியும். 2023 மார்ச்சில் நான் பிளஸ் டூ. பொதுத் தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. எங்கெங்கோ எப்போதோ நடந்த அடிதடிகளை எடுத்து, திருப்பூர் என்று பெயர் ஒட்டி விட்டிருந்தார்கள். எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டு வடமாநிலக் குடும்பம் ஒரே இரவில் பையைக் கட்டியது. அம்மா செக்கிங் வேலைக்குப் போகும் கம்பெனியில் பவர் டேபிள் (தையல் மெஷின்) வரிசையில் பாதி காலி. ஹோலிக்குப் போகிறவர்கள் கொஞ்சம், பயந்து போகிறவர்கள் மீதி. காவல்துறைத் தலைவரே அது பொய் என்று வீடியோவில் சொல்ல வேண்டியிருந்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசி வீட்டு பாபி திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. வரும் வீடியோ உண்மையா பொய்யா என்று எப்படிப் பார்ப்பது, எங்கே கேட்பது, எதைப் பகிரக் கூடாது என்று எங்கள் பள்ளியில் ஒருவர்கூடப் பேசவில்லை. இந்தக் கல்லூரியில் இரண்டு வருடமாக இருக்கிறேன், இங்கும் பேசவில்லை. இங்கே வந்தது தடை மட்டும்தான்.

சரி, சுற்றறிக்கைக்கு வருகிறேன். அப்பா வந்த அன்று உங்கள் அறையில் "மாணவர் அரசியலை சுப்ரீம் கோர்ட்டே தடை செய்திருக்கிறது" என்றீர்கள். நான் கணக்குப் பதிவியல் படிக்கிறவள், சட்டம் தெரியாது. அதனால் நூலகக் கம்ப்யூட்டரில் போய்த் தேடினேன். கிடைத்தது தலைகீழாக இருந்தது.

உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் மத்திய அரசு முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2006 செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரமே. கட்டுப்பாடுகள் நிறைய உண்டு, அவை எனக்கும் சரியாகவே படுகின்றன. வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். கட்சிப் பணம் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. கல்லூரி திறந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தேர்தல், மொத்த வேலையும் பத்து நாளில் முடிய வேண்டும். சூழ்நிலை சரியில்லாத இடங்களில் மட்டும் தற்காலிகமாக நியமன முறை வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஐந்து வருடத்துக்குள் தேர்தலாக மாற வேண்டும் என்கிறது அந்த அறிக்கை. நியமனம் செய்தாலும் மார்க்கை மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறது.

நம் கல்லூரியிலும் மாணவர் பேரவை இருக்கிறது. ஆகஸ்டில் தோளில் பட்டை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, பதவியேற்பு நடந்தது. போட்டோ இணையதளத்தில் இருக்கிறது, நாக் குழுவுக்குக் காட்டும் ஃபைலிலும் இருக்கும். அதன் தலைவி போன செமஸ்டரில் முதல் மார்க் வாங்கியவள். நல்ல பெண், என் தோழிதான். ஆர்.ஓ. மெஷினைப் பற்றி நீ பேசேன் என்று அவளைக் கேட்டேன். "என்னை ஹெச்.ஓ.டி. போட்டாங்க, நான் எப்படிடி போய்க் கேக்கறது?" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு?

தேர்தல் வைத்தால் கத்தி வரும் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னார். சென்னையைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸிலிருந்து இறக்கி மாணவனை வெட்டிய வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. அது எந்தப் பேரவைத் தேர்தலில் வந்த சண்டை? எந்த ரூட்டில் யார் தல என்ற சண்டை. தலைவனை வாக்குப் பெட்டியில் தேர்ந்தெடுக்க வழி இல்லாத இடத்தில் பஸ் படிக்கட்டில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இது என் ஊகம்தான், தவறாக இருந்தால் திருத்துங்கள். ஆனால் தேர்தல் இல்லாததால் அமைதி இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நீங்கள் எந்த நாளுக்காக எங்களை ஒரு நாள் முன்னதாக உறுதிமொழி எடுக்கவைத்தீர்களோ, அந்த நாளுக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாள். 1965-இல் அந்தத் தேதியில்தான் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்து மாநிலம் முழுக்கப் பரவியது. இரண்டு நாள் கழித்து சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இரண்டு வருடத்தில் ஆட்சியே மாறியது. விருதுநகரில் காமராசரையே ஒரு மாணவர் தலைவர், சீனிவாசன், தோற்கடித்தார். அதெல்லாம் மறுபடி வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எவ்வளவு உயிர் போயிற்று. ஆனால் கோட்டையில் மாணவர்களாக இருந்து வந்தவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று நம் வரலாற்றுத் துறையே பாடம் நடத்துகிறது. அதே கல்லூரியில் சேரும்போது "எந்தக் கட்சியிலும் சங்கத்திலும் சேர மாட்டேன், போராட்டத்தில் கலந்துகொள்ள மாட்டேன்" என்று பத்திரத்தில் எழுதி வாங்குகிறீர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் எனக்கு 21 ஆகும். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கே நான் நிற்கலாம். வகுப்புப் பிரதிநிதிக்கு நிற்க முடியாது.

ஊராட்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. குடியரசு தினத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது கிராம சபைக்குப் போனேன். (போனேன் என்பதை நம்புங்கள், ரீல்ஸ் போடவில்லை.) நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமார்தான் நிறைய. கையெழுத்து நோட்டு ஒரு பக்கம் சுற்றியது, தீர்மானம் ஒரு பக்கம் வாசிக்கப்பட்டது. என் வயதில் நான் ஒருத்திதான். உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்துவிட்டதால் தலைவர் இல்லை, தனி அலுவலர் பொறுப்பு. எங்கள் மாவட்டத்தைப் போலப் பல மாவட்டங்களில் அப்போது இதுதான் நிலை. தெருவிளக்கைப் பற்றிக் கேட்டேன். "தேர்தல் முடிஞ்சு தலைவர் வந்ததும் பாத்துக்கலாம் அம்மணி" என்றார்கள். தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி, "இதுக்கு எதுக்கு சாமி நாம வந்தோம்?" என்று என்னைக் கேட்டார்.

சென்னையில் 2011-க்குப் பிறகு மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். பத்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் தேர்தலே நடக்காத ஊர். நடந்தபோது 44 சதவீதம்கூடப் பதிவாகவில்லை. உடனே படித்தவர்கள் ஓட்டுப் போடுவதில்லை என்று திட்டினார்கள். திட்டட்டும், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து வருடம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்த அன்றே கூட்டம் வரவில்லையே என்று வாடிக்கையாளரை மட்டும் திட்டினால் எப்படி? கேட்டால் பதில் வரும் என்பது பழகிப் பழகி வர வேண்டிய நம்பிக்கை. எனக்கு அதைப் பழகக் கிடைத்த முதல் இடம் சணலில் பேனா கட்டிய அந்த நோட்டு.

என் முதல் ஓட்டு 2024 ஏப்ரல் 19. பள்ளிக்கூட வராண்டாவில் முக்கால் மணி நேரம் நின்று போட்டேன். மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நம் கல்லூரியிலிருந்து மெசேஜ் வந்தது, அனுப்பினேன். அந்தப் படத்தை நம் பக்கத்தில் போட்டீர்கள். என் விரல் இன்னும் அங்கே இருக்கிறது.

நான் கேட்பது இவைதான். ஜனவரி 28 சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அவதூறும் பொய்யும் கூடாது என்று ஒரு விதி வையுங்கள், அதை நாங்களும் சேர்ந்து எழுதுகிறோம், மீறினால் நடவடிக்கை எடுங்கள். உண்மையைச் சொல்வதையே தடை செய்யாதீர்கள். இந்த ஜூனில் கல்லூரி திறந்து எட்டு வாரத்துக்குள் லிங்டோ குழு சொன்ன அத்தனை கட்டுப்பாடுகளோடும் பேரவைத் தேர்தலை நடத்துங்கள். கல்லூரி முழுவதற்கும் ஒரே நேரத்தில் முடியாதென்றால் முதல் வருடம் விடுதிகளில் மட்டுமாவது நடத்திப் பாருங்கள். புகார் நோட்டில் எழுதியதற்கு ஏழு நாளில் பதில் எழுத ஒருவரை நியமியுங்கள். "முடியாது" என்ற பதிலாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே ஒரு இன்ஷியல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை நீங்களும் நாங்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பேசியதைப் பலகையில் ஒட்டுங்கள். சேர்க்கையின்போது வாங்கும் அந்த உறுதிப் பத்திரத்தை வரும் ஆண்டிலிருந்து நிறுத்துங்கள். வீடியோவைப் பகிர்ந்ததற்காகப் பெற்றோரை அழைத்து வரச் சொல்லியிருக்கும் மற்ற ஆறு பேரின் வீட்டுக்கும் இனி போன் செய்யாதீர்கள்.

கடைசியாக, ஜனவரி 27 அன்று உங்கள் அலுவலகத்தில் என் அப்பா கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் திருப்பித் தாருங்கள். அதை வாங்க அவரை மறுபடி வரச் சொல்ல வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி.காம். சி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி
(பெயரும் ரோல் நம்பரும் உங்கள் ஃபைலில் இருக்கின்றன.)